கொழுந்தனின் இடது தோள்

பெயர் எதுவும் எழுதப் போவதில்லை. எழுதாவிட்டாலும், படிக்கிறவர்களில் ஒருவனுக்கு இது யாருடைய தோள் என்று தலைப்பிலேயே தெரிந்துவிடும். தெரியட்டும். நேரில் அவனை இன்றைக்கும் "வாங்க தம்பி, சாப்டீங்களா தம்பி" என்றுதான் கேட்கிறேன். இங்கே அந்த மரியாதை கிடையாது.

நான் பிசியோதெரபிஸ்ட். புதுச்சேரியில் இருபது வருடத்துக்கு மேலாக அடுத்தவர்களின் மூட்டுகளை அசைத்துப் பிழைக்கிறேன். முத்தியால்பேட்டையிலிருந்து வைத்திக்குப்பத்துக்கு இறங்குகிற தெரு ஒன்றில் எங்கள் வீடு. கீழே நானும் மாமியாரும். என் கணவருக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. சனிக்கிழமை வந்து திங்கள் விடியலில் கிளம்பிவிடுவார். மாடியில் அவருடைய தம்பி, அதாவது என் கொழுந்தன், தன் மனைவியோடு இருந்தான்.

மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு இரண்டு மாதத்தில் திரும்பியது, கையும் காலும் திரும்பவில்லை. நல்ல வாட்டசாட்டமான உடம்பு. அவரைக் கட்டிலிலிருந்து தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைக்க இரண்டு பேர் வேண்டும். அக்குளுக்குக் கீழே ஒருவர், முழங்காலுக்குக் கீழே ஒருவர். காலையில் குளிப்பாட்ட ஒரு தடவை, சாயந்திரம் வாசல் பக்கம் கொண்டுபோய் வைக்க ஒரு தடவை. கொழுந்தன் மனைவி, என் ஓரகத்தி, சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்கு விடியற்காலை பஸ்ஸில் போய்விடுவாள். ஆகவே அந்த இரண்டாவது ஆள் கொழுந்தன்தான். இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. வீட்டில் இருந்த ஆண் அவன், பெற்ற பிள்ளையும் அவன். வேறு யார் தூக்குவது?

இரண்டு மாதம் தூக்கினான். பிறகு விழுந்தான்.

டூரிஸ்ட்டுகளுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடும் கடையில் அவன் மேனேஜர். திரும்பி வந்த வண்டி ஒன்றை ஓட்டிப் பார்க்கிறேன் என்று கிளம்பி, மணலில் சறுக்கி, இடது தோள் தரையில் மோத விழுந்தான். எலும்பு முறியவில்லை. டாக்டர் இரண்டு வாரத்துக்குக் கையைக் கழுத்திலிருந்து துணித் தொட்டிலில் கட்டித் தொங்கவிட்டு அனுப்பினார். நான் சும்மா இருந்திருக்கலாம். எல்லாம் தெரிந்தவள் அல்லவா, வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"தம்பி, ரொம்ப நாளு மாட்டிக்கினு இருக்காதீங்க. தோள் இறுகிப் போயிடும். தலை வாரக் கை மேல போவாது. முதுகுப் பக்கம் போவாது. அந்தப் பக்கம் ஒருக்களிச்சிப் படுக்க முடியாது. எக்ஸ்ரேல ஒண்ணுமே தெரியாது. வந்துச்சின்னா வருசக் கணக்காவும் சரியாவ."

அவன் அவ்வளவு கவனமாகக் கேட்டான். வாரம் ஒரு நாள் நான் பாடம் எடுக்கும் கல்லூரியில் என் மாணவிகள்கூட அப்படிக் கேட்டதில்லை. மூன்றாம் வாரம் தலை வாரக் கை மேலே போகவில்லை. நான்காம் வாரம் முதுகுப் பக்கம் போகவில்லை. ஐந்தாம் வாரம் ஓரகத்தி கீழே வந்து, "அந்தப் பக்கம் படுக்கவே முடியலியாம்க்கா" என்று கண் கலங்கினாள். நான் சொன்ன வரிசைகூட மாறவில்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நான் சொன்னேன், அப்படியே நடந்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

ஏன் நீயே தொட்டுப் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். கிளினிக்கில் ஒரு நாளைக்குப் பத்து ஆண்களின் சட்டையைக் கழற்றச் சொல்லித் தோளைப் பிடிப்பேன். வீட்டில் கொழுந்தனின் சட்டையைக் கழற்றச் சொல்ல முடியாது. அண்ணி தாய்க்குச் சமம் என்பதெல்லாம் கல்யாணப் பந்தலில் பேசுகிற பேச்சு. ஓரகத்தி பார்த்திருக்க அவள் புருஷனின் வெற்றுத் தோளில் நான் கை வைத்தால் அந்த வீட்டில் அதன் பிறகு காப்பி ஒரு மாதிரி கசக்கும். ஒரே ஒரு முறை, "நான் வேணா பாக்கட்டுமா தம்பி" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "வேணாம் அண்ணி, கூச்சமா இருக்கு. நான் வெளிய கரண்ட் வெச்சிக்கிறேன்" என்றான். எவ்வளவு ஒழுக்கம் என்று நினைத்தேன். பத்து நாள் எங்கேயோ தோளுக்குக் கரண்ட் ஒத்தடம் வைத்துக்கொள்ளப் போனான். கை அப்படியேதான் இருந்தது.

அதற்குப் பிறகு பதினான்கு மாதம் நான் தனியாகத் தூக்கினேன். தனியாகத் தூக்க முறை இருக்கிறது. மாமியாரின் முழங்காலுக்கு என் முழங்காலை முட்டுக் கொடுத்து, இடுப்பில் கட்டிய துண்டைப் பிடித்து, முன்னால் சாய்த்து, எழுப்பித் திருப்பி உட்கார வைக்க வேண்டும். மற்றவர்களுக்கு நான் சொல்லிக் கொடுப்பதுதான். தினம் இரண்டு வேளை, மாதக் கணக்கில் செய்யும்போது அது முறையாக இருப்பதில்லை. என் இடுப்பு போனது. கட்டை விரலின் அடிமூட்டு போனது. கட்டை விரல் போனால் என் பிழைப்பே போயிற்று. மூட்டை அசைப்பது அதை வைத்துத்தான். கிளினிக்கில் ஒரு கட்டை விரலுக்கு மேல் இன்னொன்றை வைத்து அழுத்தினேன். வீட்டுக்கு வந்து இரண்டையும் வெந்நீரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மாடியில் கிரிக்கெட் ஓடும்.

ஒரு நாள் காலை மாமியாரின் கால் வழுக்கிவிட்டது. விழாமல் பிடித்தேன், ஆனால் நிமிர்த்த முடியவில்லை. இருவரும் மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டோம். அவர் என் மடிமேல். சத்தம் கேட்டுக் கொழுந்தன் மாடிப்படியில் பாதிவரை இறங்கி வந்தான்.

"என்னாச்சி அண்ணி? ஐயோ. நான் வந்தாலும் என்னா பண்ணப் போறேன், ஒத்தக் கைய வெச்சிக்கினு."

அங்கேயே நின்றான். அரை மணி நேரம் நின்றான். நடுவில் ஒரு முறை மேலே போய் போனை எடுத்து வந்து யாரையோ கூப்பிட்டுப் பார்த்தான். தெருவில் மீன் விற்றுக்கொண்டு வந்த வைத்திக்குப்பத்து அம்மா ஒருத்திதான் என் குரலைக் கேட்டுத் தலையிலிருந்த பேசினை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்தாள். "தள்ளும்மா நீ" என்று சொல்லிவிட்டு மாமியாரை அக்குளில் கை கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கி நாற்காலியில் வைத்தாள். படியில் நின்றவனை ஒரு பார்வை பார்த்தாள். அன்றைக்குப் பூராவும் மாமியாரின் புடவையில் மீன் வாடை.

அன்று சாயந்திரம் மாமியார் என்னைக் கூப்பிட்டார். "நீ தனியா சாவுற. அவன் கையும் வர மாட்டேங்குது. நீயே அவனுக்குப் பண்ணி உடும்மா. நான் சொல்றேன், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. என் எதிருலயே பண்ணு." ஓரகத்தியையும் கூப்பிட்டுச் சொன்னார். அவளும் தலையாட்டினாள். பாவம், அவளுக்கும் அவன் கை சரியாக வேண்டும் என்றுதான் இருந்தது. அவனுக்குத் தப்பிக்க வழி இல்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்கு மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில் பெஞ்சைப் போட்டு அவனைப் படுக்க வைத்தேன்.

இங்கே என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்கள் ஆட்காட்டி விரலை நீங்களே மடக்கலாம், நீட்டலாம். ஆனால் அதைத் தளர விட்டு இன்னொருவர் பிடித்து மெல்ல முறுக்கினால் அது தன் அச்சில் சிறிது சுழலும். அந்தச் சுழற்சியை நீங்களாகச் செய்ய முடியாது. எல்லா மூட்டிலும் இப்படிச் சில அசைவுகள் ஒளிந்திருக்கின்றன. துணை அசைவுகள் என்று சொல்லலாம். தோளில் பந்துபோன்ற எலும்பு முனை தன் குழியில் சற்றுக் கீழே வழுக்கினால்தான் கை மேலே போகும். தோள் இறுகியவர்களுக்கு அந்த வழுக்கல் நின்றுபோயிருக்கும். நாங்கள் எலும்பைப் பிடித்துத் தள்ளித் தள்ளி அதைத் திருப்பிக் கொண்டுவருகிறோம். கையை மேலே தூக்காமல் இருப்பது ஒருவருடைய இஷ்டம். அந்த வழுக்கலை நிறுத்தி வைப்பது யாருடைய இஷ்டத்திலும் இல்லை.

நல்ல பக்கத்தை முதலில் பார்ப்பது வழக்கம். வலது தோளைப் பிடித்துக் கீழ்நோக்கித் தள்ளினேன். வழுக்கியது. பின்நோக்கித் தள்ளினேன். வழுக்கியது. பிறகு இடது பக்கம் வந்து அதே மாதிரி பிடித்துத் தள்ளினேன். அதே அளவு வழுக்கியது.

நம்பாமல் மறுபடி தள்ளினேன். அவன் முகத்தைச் சுளித்து, "அம்மா" என்று முனகினான். மாமியார் "மெல்லம்மா" என்றார். அவன் முகம் வலித்துக்கொண்டிருந்தது. அவன் மூட்டு வெண்ணெயாக இருந்தது. பதினாறு மாதமாக இறுகிப்போன தோள் கையில் கட்டைபோல நிற்கும். இது எந்தத் திசையிலும் எங்கும் நிற்கவில்லை. அவன் தோளில் ஒன்றுமே இல்லை. ஒருவேளை முதல் இரண்டு வாரத்துக்குப் பிறகு எப்போதும் இருந்ததில்லை.

அந்தப் பெஞ்சிலிருந்து அவனைத் தரையில் தள்ள வேண்டும் என்று இருந்தது. அப்படியே சத்தம் போட்டுச் சொல்லியிருக்கலாம். சொன்னால் யார் நம்புவார்கள்? பிறகு அந்தச் சனிக்கிழமை கணவரிடம் மட்டும் சொல்லிப் பார்த்தேன். "அவன் ஏன் நடிக்கப் போறான்? உனக்கு அசதி. அதான் எல்லாம் தப்பாத் தெரியுது" என்றார். மாமியாரைத் தூக்க அலுத்துப்போய்க் கொழுந்தன்மேல் பழி போடுகிறாள் என்பார்கள். அதற்கு மேல், இத்தனை மாதம் கண்ணுக்கு முன்னால் ஒருத்தன் ஏமாற்றியது தெரியாத பிசியோதெரபிஸ்ட் என்ற பெயர் எனக்கு. அதனால் அப்போது அங்கே சொல்லவில்லை. எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தேன். அந்த இடது கை அவன் தாயின் அக்குளுக்குக் கீழே போக வேண்டும். அதுவரை அவனை விடுவதில்லை.

"இறுகித்தான் இருக்கு அத்தை" என்றேன். "தினமும் பண்ணணும். ஒரு நாளும் உடக் கூடாது."

அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்கும் அப்போதே தெரிந்திருக்கும். ஆனால் என்ன சொல்வான்? இறுகவில்லை என்று சொல்வானா?

தினமும் ஐந்தரைக்கு மாடிக் கதவைத் தட்டினேன். மழை நாளிலும் தட்டினேன், பொங்கலன்றும் தட்டினேன். மூட்டை அசைப்பதில் நான்கு படிகள் உண்டு. முதல் இரண்டும் வலிக்கு, தடவுவதுபோல இருக்கும். கடைசி இரண்டும் இறுக்கத்துக்கு. அவனுக்கு நேராக நான்காம் படி. எங்கள் கிளினிக்குக்கு வரும் பழைய சொல்தா ஒருவர், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், நான் கை வைக்கும் முன்பே மெல்ல மெல்ல என்று பிரெஞ்சில் சொல்ல ஆரம்பித்துவிடுவார். அவருக்கு மெல்லத்தான் செய்தேன், கைக்கும் எலும்புக்கும் நடுவே துணி மடித்து வைத்து. கொழுந்தனுக்குத் துணி வைக்கவில்லை. பிடிக்கிற இடத்தை அரை விரற்கடை தள்ளிப் பிடித்தால் நல்ல தோளும் நோகும். எங்கே என்று எனக்குத் தெரியும். அங்கேதான் பிடித்தேன். சேதம் வராத அளவு எது என்றும் தெரியும், அதைத் தாண்டவில்லை. அதற்காக என்னை நல்லவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் கட்டை விரல் அவனைவிட அதிகம் வலித்தது. அந்த வலியோடு இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

அத்தோடு விட்டேனா? தோள் குணமாகும்வரை ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது என்று மாமியார் எதிரில் சொன்னேன். பஸ்ஸில் போனான். கிரிக்கெட் பார்க்கச் சாய்ந்து படுக்கக் கூடாது என்றேன். ஓரகத்தி நாற்காலி போட்டாள். ஞாயிற்றுக்கிழமை சேக்காளிகளோடு பிள்ளைச்சாவடி பக்கம் கடலுக்குப் போவான். உப்புக் காற்று கூடாது என்றேன். உப்புக் காற்றுக்கும் தோளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கடலுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் வீடே இருக்கிறது. யாரும் யோசிக்கவில்லை. படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மாதம் ஒன்று ஆனபோது அவன் குணமாகத் தீர்மானித்தான். கோணம் அளக்கிற பிளாஸ்டிக் அளவுகோலை வைத்து வாரா வாரம் அளந்து மாமியாருக்குப் படித்துக் காட்டுவேன். "தொண்ணூறு அத்தை." அடுத்த வாரம், "நூறு." அவன் மிகவும் கவனமாக, வாரத்துக்குப் பத்து டிகிரி வீதம் குணமானான். அதில்தான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. மாமியார் மலர ஆரம்பித்தார். ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் தன் நல்ல கையால் அவன் கன்னத்தைத் தடவுவார். குழம்பில் இருக்கிற பெரிய மீன் துண்டை, "அவனுக்கு எடுத்து வையி, கைக்கு பலம் வரும்" என்பார். தூக்கித் தூக்கிக் கட்டை விரல் வீங்கியவளுக்கு வால் துண்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வைத்தியம் தொடங்கி மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நூற்றெண்பது வந்தது. கை காதோடு ஒட்டி மேலே நின்றது. கணவர் இருந்தார், ஓரகத்தி இருந்தாள். இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன்.

"முழுசா சரியாயிடுச்சி" என்றேன். "தம்பி, இன்னிலேர்ந்து நீங்க அத்தையத் தூக்கலாம். வாங்க."

அவன் ஒரு அடி முன்னால் வைத்தான். மாமியார் நல்ல கையை நீட்டித் தடுத்தார்.

"வேணாம்டா. இப்பத்தான் கொஞ்சம் வந்திருக்கு. பாரம் தூக்கினா மறுபடி இறுகிப் போயிடும்." பிறகு என்னைப் பார்த்தார். "நீயே தூக்கும்மா. உனக்குத்தான் பழக்கம்."

எல்லோரும் சரி என்றார்கள். கொழுந்தன் அந்த ஒரு அடியைப் பின்னால் எடுத்து வைத்தான். நான் முழங்காலுக்கு முட்டுக் கொடுத்து அவரைத் தூக்கினேன். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன், துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

மறுநாள் ஐந்தரைக்கு மாடிக் கதவைத் தட்டினேன்.

"அண்ணி, அதான் சரியாயிடுச்சே" என்றான்.

"மறுபடி இறுகிப் போயிடும்னு அத்தையே சொல்லிட்டாங்களே தம்பி. அவங்க இருக்கிற வரைக்கும் பண்ணிடலாம். வாங்க."

வந்தான். படுத்தான். அன்றைக்கு அழுத்தியதுபோல என் வாழ்நாளில் யாரையும் அழுத்தியதில்லை. அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, அழுத்திக்கொண்டிருக்கும்போதே அவன் என் கையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தான். சட்டைகூடப் போடவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, என் கையில ஒண்ணும் இல்லம்மா. எப்பவும் இல்ல. உன்னத் தூக்குறதுக்கு அருவருப்பா இருந்திச்சி. அந்த வாடை, அந்தத் துணி, எனக்கு முடியல. அதான் நடிச்சேன். அண்ணிக்கு எல்லாம் தெரியும், கேட்டுப் பாரு."

இத்தனை நாள் நான் பிழிந்தது இதற்காகத்தான். அவன் வாயாலேயே வந்துவிட்டது, நான் நினைத்ததைவிட மோசமாகவே வந்தது. இனி மாமியார் காறித் துப்புவார் என்று காத்திருந்தேன்.

மாமியார் என் பக்கம் திரும்பினார். அவர் கண்கள் நிறைந்திருந்தன.

"பாத்தியா? என்னத் தூக்கணும்னு என்னென்ன பொய் சொல்றான் பாரு. வலிய மறைச்சிக்கினு, தன்னையே கேவலப்படுத்திக்கினு. யாருக்கு வரும் இந்த மனசு?"

மறுபடி அவன் பக்கம் திரும்பினார்.

"சரிடா, ஆசப்படுற. ஒரே ஒரு தடவ தூக்கு" என்றார். "நீ பின்னாடி நின்னு அவன் தோளப் புடிச்சிக்கம்மா. வலி தாங்காம உட்டுடப் போறான்."

போய்ப் பின்னால் நின்று அவன் இடது தோளின்மேல் கை வைத்தேன். அவன் குனிந்து இரண்டு கையையும் தாயின் உடம்புக்குக் கீழே கொடுத்து அள்ளினான். என் உள்ளங்கைக்குக் கீழே அந்த எலும்பு எங்கும் நிற்காமல் வழுக்கி இறங்கியது. மாமியாரின் தலை அவன் கழுத்தில் சாய்ந்திருந்தது. அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று கைக்குத் தெரிந்தது.

"ரொம்ப வலிக்குது போலம்மா அவனுக்கு" என்றார் மாமியார்.

"ஆமா அத்தை" என்றேன்.